வலி மாத்திரையில் ஒரு கணக்கு

சந்தா கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் நமக்கு அத்துப்படி. இந்த மாதம் வேறொரு கணக்கு. புற்றுநோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கணும்.

புற்றுநோய் வலிக்கு டிரமடால் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். அது கேட்காதபோது மார்ஃபின் எழுதுவார்கள். இரண்டும் ஒரே இனம்தான், ஆனால் வீரியம் வேறு. பத்து கிராம் பஜ்ஜி மிளகாயும் பத்து கிராம் ஊசி மிளகாயும் ஒரே காரமா? வாயால் சாப்பிடும் மார்ஃபின் 10 மி.கி. என்பது, டிரமடால் 50 முதல் 100 மி.கி. வரைக்குச் சமம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு அம்மா டிரமடால் 50 மி.கி. மாத்திரையை தினம் நாலு வேளை சாப்பிடுறாங்க. மொத்தம் 200 மி.கி. இதற்குச் சமமான மார்ஃபின் நாளைக்கு 20 முதல் 40 மி.கி. வரைதான். அதனால் டாக்டர், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரையில் பாதி என்று எழுதுகிறார். ஆறு வேளைக்கு 30 மி.கி. ஆச்சு. வீட்டில் என்ன நினைப்பாங்க? “ஐம்பதுக்கே கேட்காத வலி அஞ்சுக்கா கேட்கும்?” அப்படி நினைச்சு 10 மி.கி. மாத்திரை அஞ்சைக் கொடுத்தால், ஒரே வேளையில் பத்து மடங்கு மருந்து உள்ளே போயிடும். மூச்சே நின்னுடலாம்.

ஊசிக்கும் மாத்திரைக்கும்கூட கணக்கு வேறு. ஊசியில் போடும் மார்ஃபின் 10 மி.கி., வாயால் சாப்பிடும் சுமார் 30 மி.கி.க்குச் சமம். விழுங்கும் மருந்தில் பெரும்பகுதி ஈரலிலேயே கழிந்துவிடுகிறது. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சீட்டில் எண் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையில் 25 என்று போட்டிருக்கும். சின்ன எண்தானே என்று ஏமாறக்கூடாது. அது தினம் சுமார் 60 மி.கி. மார்ஃபின் மாத்திரைக்குச் சமம். மெதுவாகத்தான் வேலை செய்யும், அரை நாளாவது ஆகும். அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூட்டில் மருந்து அதிகமாக இறங்கிவிடும்.

ஒரு மருந்துக்குப் பழகிய உடம்பு இன்னொன்றுக்கும் அதே அளவு பழகியிருக்காது. அதனால் மருந்தை மாற்றும்போது கணக்கில் வருவதைவிடக் குறைத்தே ஆரம்பிப்பார்கள். வயசு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் பார்த்து முடிவு செய்வது டாக்டர் வேலை. நாம் போட வேண்டிய கணக்கு இல்லை இது.

நாம் கேட்க வேண்டியது வேறு. பழைய மாத்திரையை எப்போது நிறுத்தணும்? நடுவில் வலி வந்தால் எவ்வளவு கொடுக்கலாம்? மலச்சிக்கலுக்கு மருந்து எழுதியாச்சா? பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், ரொம்ப மெதுவான மூச்சு, ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி தெரிந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மார்ஃபின்னா போதை என்று பயந்து, கொடுக்க வேண்டிய வேளையைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. பாவம், வலியில் துடிக்கிறவரை ஏன் காக்க வைக்கணும்? எழுதிய அளவை எழுதிய நேரத்தில் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள், பல ஊர்களில் அவரும் நம்ம குழுப் பெண்தான். மீந்த மாத்திரையை அக்கம்பக்கம் யாருக்கும் கொடுக்காமல், வாங்கிய ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க.