நிறம் வந்தால் மட்டும் போதுமா?

மேல்நிலை வகுப்பில் எலைசா சோதனையை நடத்தும்போது, "நிறம் மாறினால் நோய் உண்டு" என்று மாணவர்கள் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் உரிய புரதத்தில்தான் ஒட்டியதா என்ற கேள்வியையும் நாம் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எலைசா முறையில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. அத்துடன் முடிவு கட்டிவிடவில்லை. மீண்டும் இரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையிலும் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் உறுதியானது.

எதிர்ப்பொருளையே கருவியாக்கித் திசுவில் ஒரு புரதத்தைத் தேடும் ஆய்வாளருக்கும் இதே ஐயம் எழும். அதற்கு ஒரு வழி தடுப்புச் சோதனை. தேடும் புரதத்தின் ஒரு துண்டை மறுசேர்க்கை டி.என்.ஏ. தொழில்நுட்பத்தால் பாக்டீரியாவில் உருவாக்குகிறார்கள். எதிர்ப்பொருளுடன் அத்துண்டை மிகையாகக் கலந்து வைத்து, பிறகு திசுவில் இடுகிறார்கள். பிணையும் இடங்கள் முன்பே நிரம்பிவிடுவதால் நிறம் மறைய வேண்டும். தொடர்பில்லாத வேறொரு புரதத் துண்டைக் கலந்தால் நிறம் மறையக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சோதனை முழுமை பெறும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவை: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், கத்தரிக்கோல், பசை.

1. ஒவ்வொரு கை நுனியிலும் முக்கோணப் பள்ளம் உள்ள 'ஒய்' வடிவங்கள் 5 வெட்டுக. இவை எதிர்ப்பொருள்கள்.
2. பள்ளத்தில் பொருந்தும் முக்கோணங்கள் 5-ஐ ஒரு தாளில் ஒட்டுக. இது திசு. தனியாக 15 முக்கோணங்களும் 15 சதுரங்களும் வெட்டுக.
3. முதல் சுற்றில் 'ஒய்' வடிவங்களை நேரே திசுவில் பொருத்துக.
4. இரண்டாம் சுற்றில் பள்ளங்களைத் தனி முக்கோணங்களால் நிரப்பிவிட்டு முயல்க. எதுவும் பொருந்தாது.
5. மூன்றாம் சுற்றில் முக்கோணங்களுக்குப் பதில் சதுரங்களைக் கலந்து முயல்க. மீண்டும் பொருந்தும்.

பம்மலில் எங்கள் மாணவர்கள் இதை ஒரே பாடவேளையில் முடித்துவிடுகிறார்கள்.

இறுதியில் ஒரு வினா எழுப்புங்கள்: திசுவில் உள்ள வேறொரு புரதத்திலும் அதே முக்கோணம் இருந்தால்? அந்த நிறமும் சேர்ந்தே மறையும். ஆகவே நிறம் மறைந்தது என்பது மட்டும் முழுச் சான்றாகாது. தேடும் புரதமே இல்லாத செல்லையும் சோதித்து, அங்கே நிறம் வராததைக் காண வேண்டும். இதை மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.