முதல் வருடத்திலேயே ஆலோசகரைச் சந்தியுங்கள்



ஊரிலே சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: கணிதமா, உயிரியலா, வர்த்தகமா? மாமா, பெரியப்பா, ரியூசன் மாஸ்டர் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லுவார்கள். ஒஸ்லோவில் அதே தெரிவு சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. விடரகோண்ட பாடசாலையின் முதல் வருடத்தில், பதினாறு வயதுப் பிள்ளை கணினியில் அடுத்த வருடப் பாடங்களைத் தெரிவு செய்கிறது. பல வீடுகளில் பெற்றோருக்கு அது தெரிவதேயில்லை.

அமெரிக்காவில் வசதியான தனியார் பாடசாலைகளில் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கென்றே ஆலோசகர்கள் உண்டு; அரச பாடசாலைகளில் ஒருவரே நூற்றுக்கணக்கான மாணவரைப் பார்க்கவேண்டும். நோர்வேயில் பெரும்பாலான பிள்ளைகள் அரச பாடசாலைக்கே போகிறார்கள். 'ரோட்யீவர்' எனப்படும் ஆலோசகரின் உதவி சட்டப்படி எல்லா மாணவருக்கும் உரியது, கட்டணமும் இல்லை. ஆனாலும் சமம் என்று சொல்லமுடியாது. இந்நாட்டில் படித்த தாய் தகப்பன் சாப்பாட்டு மேசையிலேயே பாதி ஆலோசனையைக் கொடுத்துவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு ரோட்யீவரின் அறை மட்டும்தான். அதுவும் கதவைத் தட்டினால்.

வழமையான வழியில் மருத்துவ பீடத்துக்கு இரசாயனம் 1, 2, பௌதிகம் 1, அத்துடன் கணிதம் ஆர்1 வேண்டும். ஆர்1 இல்லாவிடில் எஸ்1, எஸ்2 இரண்டும் வேண்டும். பொறியியலுக்கு ஆர்1, ஆர்2, பௌதிகம் 1. முதல் வருடத்தில் இலகுவென்று நடைமுறைக் கணிதம் எடுத்த பிள்ளை பிறகு ஆர்1 பக்கம் திரும்புவது கடினம். புள்ளிகள் நன்றாக இருந்தும், இரசாயனம் எடுக்காத ஒரே காரணத்தால் மருத்துவத்துக்கு இடமில்லை. விட்ட பாடத்தைப் பின்னர் 'பிரிவதிஸ்ட்' ஆகப் பரீட்சை எழுதிப் பெறலாம். ஆனால் தனியார் வகுப்புக்குப் பல்லாயிரம் குரோனர் போகும், பெரும்பாலும் ஒரு வருடமும் போகும். வசதியுள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசி நாளான ஏப்ரல் 15 பலருக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்று பாடங்களை மாற்ற முடியாது. அதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே, பிள்ளையோடு சேர்ந்து ரோட்யீவரிடம் போங்கள்.

மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி, பொதுவாகப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது. நல்ல சட்டம்தான், தன்னைப் பற்றிய பேச்சில் பிள்ளை எதை மொழிபெயர்க்கும், எதை விழுங்கும் என்பது நமக்குத் தெரியாததா!

அங்கே கேட்கவேண்டியவை அதிகமில்லை. விரும்பும் படிப்புக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம்? அவை இந்தப் பாடசாலையில் உண்டா? இல்லாவிடில் வேறெங்கு எடுக்கலாம்? டொக்டர், இஞ்சினியர் தவிர வேறு படிப்புகளைப் பற்றியும் ரோட்யீவர் சொல்லுவார். அதையும் இருந்து கேளுங்கள்.