நாரி நோவுக்குக் கைபேசிப் பயிற்சி போதுமா?

கேள்வி: எனக்கு வயது 46. புதுக்குடியிருப்பில் கச்சான் தோட்டம் செய்கிறேன். ஒரு வருடமாக நாரி நோ. குனிந்து களை பிடுங்கினால் உடனே நிமிர ஏலாது. கிணற்றில் தண்ணீர் அள்ளிய நாளில் இரவு நித்திரை இல்லை. கனடாவில் இருக்கும் அக்கா, ஒன்லைனில் உடற்பயிற்சி சொல்லித்தரும் திட்டமொன்றுக்கு மாதாமாதம் காசு கட்டுகிறேன் என்கிறா. இடுப்பு பெல்ட்டும் அனுப்பப் போகிறாவாம். 2009இல் பட்ட செல் துண்டொன்று இடுப்புப் பக்கம் இன்னும் இருக்கிறது. நான் வீடியோ பார்த்துப் பயிற்சி செய்யலாமா?
– வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: செய்யலாம், சகோதரி. ஆனால் ஒருமுறை நேரில் காட்டிய பிறகு.

முதலில் செல் துண்டைப் பற்றி. வன்னியில் பலர் இப்படித் துண்டுகளோடு வாழ்கிறார்கள். தசைக்குள் கிடப்பவை பெரும்பாலும் ஒரு தொல்லையும் தருவதில்லை. உங்கள் நோவுக்கு அது காரணமாக இல்லாமலும் இருக்கலாம். அது முள்ளந்தண்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதை ஒரு எக்ஸ்ரே காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் மட்டும், துண்டு இருப்பதை வாய் திறந்து முதலே சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். காயம் ஆறிப் பல வருடமாகிவிட்டது என்று பலர் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் விடாதீர்கள்.

மாஞ்சோலையில் உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். காலின் பலத்தையும் உணர்ச்சியையும் வைத்தியர் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டும். அதைக் கைபேசி செய்யாது. பிறகு இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அவர் காட்டும் பயிற்சியை, அவரின் அனுமதியோடு உங்கள் போனிலேயே பதிவு செய்து வாருங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துச் சொன்ன அந்த வீடியோ, ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் செய்த எந்த வீடியோவையும் விட மேல். அதற்குக் காசும் இல்லை, டேட்டாவும் இல்லை.

ஒன்லைன் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்பவர்களுக்கு நோ குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரச்சினை, இரண்டு கிழமையில் கைவிடுவதுதான். அதனால் குறைவாகத் தொடங்குங்கள். பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குதிக்காலை ஊன்றி இடுப்பை மெல்லத் தூக்குங்கள். மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணி இறக்குங்கள். காலையில் பத்துத் தடவை போதும். செய்யும்போது நாரியில் கொஞ்சம் உளைவு இருந்தால் பயமில்லை. மறுநாளும் நோ கூடி நின்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நோ முழங்காலுக்குக் கீழே ஓடினால் நிறுத்திவிட்டு இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கூடவே நடவுங்கள். அவுஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு நாரி நோ திரும்பி வர நடுத்தரமாக 208 நாட்கள் ஆயின, நடக்காதவர்களுக்கு 112. தோட்டத்தில் நாள் முழுக்க நிற்பது நடையாகாது. வெயில் ஏறுமுன் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

பெல்ட் வேண்டாம். நாட்பட்ட நாரி நோவுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லிவிட்டது. களை பிடுங்கும்போது ஒரேயடியாகக் குனிந்து நிற்காமல், சின்னப் பலகையில் இருந்து செய்யுங்கள், இடைக்கிடை எழும்புங்கள்.

சலம் போவது தடைப்பட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, படுத்தும் குறையாத இராநோ இருந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்து வைத்தியரைப் பாருங்கள்.

அக்காவிடம் மாதக் கட்டணமும் பெல்ட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காசில் கிணற்றுக்கு ஒரு தண்ணீர் மோட்டர் பூட்டித் தரச் சொல்லுங்கள்.