வரப்போரம் மறைந்து வாழும் பறவைகள்: விவசாயிகள் அறிய வேண்டியவை

ஏர் ஓட்டும்போதும், டிராக்டர் சேறு அடிக்கும்போதும் பின்னாலேயே நடந்து வரும் வெள்ளைக் கொக்கை அறியாத விவசாயி இல்லை. அது எல்லோர் கண்ணிலும் படும் பறவை. ஆனால் அதே வயலில், பத்தடி தூரத்தில் நின்றும் கண்ணில் படாத பறவைகள் சில உண்டு. மடையான், குருகு, உள்ளான், மயில் உள்ளான் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இவை கூச்சம் மிகுந்தவை. ஆள் அரவம் கேட்டால் ஓடுவதை விட ஒளிவதையே நம்புகின்றன.

கண்ணில் படாத காரணத்தால், இவற்றின் கூடுகள் களை எடுக்கும்போது மிதிபடுகின்றன. அறுவடையின்போது குஞ்சுகள் இயந்திரத்தில் சிக்குகின்றன. ஆகவே இவை எங்கே, எப்படி மறைகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது, இவற்றைக் காப்பாற்றுவதற்கான முதல் படியாகும்.

மடையான் என்னும் குருட்டுக் கொக்கு

மடைவாயிலும், குளத்து ஓரத்திலும் தோளைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் பறவை இது. ஏறத்தாழ ஒன்றரை அடி நீளம் இருக்கும். முதுகு மண் நிறம். கழுத்திலும் மார்பிலும் பழுப்புக் கோடுகள். சேற்று வரப்பில் நின்றால் ஒரு மண்கட்டி கிடப்பது போலவே தோன்றும்.

ஆள் மிக அருகில் செல்லும்வரை இது பறப்பதில்லை. அதனால் இதற்குக் கண் தெரியாது என்று எண்ணி, குருட்டுக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டனர். இலங்கையில் சிங்களத்திலும், வடக்கே இந்தியிலும் இதே பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. உண்மையில் இதன் பார்வை மிகக் கூர்மையானது. நீரில் அசையும் சிறு மீனைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொத்தி எடுக்கும் பறவைக்கு எதிரே வரும் மனிதன் தெரியாமல் போவதில்லை. தன் நிறம் தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கையிலேயே அது நிற்கிறது.

இனி முடியாது என்ற நிலையில்தான் எழுந்து பறக்கிறது. அப்போது சிறகு, வால் எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். சற்றுத் தொலைவு சென்று அமர்ந்து சிறகை மடக்கியதும் வெள்ளை முழுவதும் மறைந்துவிடும். வெள்ளையைத் தொடர்ந்து வந்த கண், மண் நிறத்தைத் தேடாமல் ஏமாந்து போகிறது.

இனப்பெருக்க காலத்தில் மட்டும் இதன் கோலம் மாறும். முதுகில் கருஞ்சிவப்பு இறகுகள் போர்வை போல் வளரும். மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டி 3 முதல் 5 முட்டைகள் வரை இடும். ஆண், பெண் இரண்டுமே குஞ்சுகளுக்கு இரை ஊட்டும்.

தானும் ஒரு கோரையாக நிற்கும் குருகு

செங்குருகு, மஞ்சள் குருகு ஆகியவை கொக்கு இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகள். சம்பு, கோரை, நாணல் அடர்ந்த வாய்க்கால் கரைகளிலும், வளர்ந்த நெற்பயிருக்குள்ளும் வாழும். காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகமாக வெளியே வரும்.

ஆபத்து நெருங்கினால் குருகு செய்யும் வேலை வியப்புக்குரியது. கழுத்தை நீட்டி, அலகை வானத்தை நோக்கி உயர்த்தி, உடலை ஒடுக்கிக்கொண்டு குச்சி போல் நின்றுவிடும். கழுத்தின் அடிப்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகள், பக்கத்தில் நிற்கும் கோரைத் தாள்களின் நிழலோடு ஒன்றிவிடும். காற்றில் கோரை அசைந்தால் தானும் மெல்ல அசையும். பார்ப்பவர் இடம் மாறினால், கோடு உள்ள மார்புப் பக்கமே அவருக்குத் தெரியும்படி தானும் மெதுவாகத் திரும்பும்.

அலகு வானத்தைப் பார்த்தாலும் கண் ஆளைப் பார்க்கிறது. குருகின் கண்கள் அலகின் அடிப்பக்கம் நோக்கிப் பார்க்கும்படி அமைந்திருப்பதே காரணம். நீண்ட கால் விரல்களால் கோரைத் தாள்களைப் பற்றிக்கொண்டு, தண்ணீரில் இறங்காமலேயே தாள் விட்டுத் தாள் தாவி நடக்கவும் இதனால் முடியும்.

செங்குருகு நெல் வயலிலும் கோரைப் புதரிலும் தாள்களை மடக்கி மேடை போலக் கூடு அமைக்கிறது. களை எடுப்பவர் காலில் மிதிபடும் ஆபத்து இந்தக் கூட்டுக்கு அதிகம்.

வைக்கோல் நிறத்தில் ஒளியும் உள்ளான்

கோரை உள்ளான் நம் ஊர்ப் பறவை அல்ல, குளிர்கால விருந்தாளி. வட ஆசியாவில் குஞ்சு பொரித்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இங்கு வந்து, ஏப்ரல் வாக்கில் திரும்பிச் செல்லும். முதுகில் நீளவாக்கில் ஓடும் வெளிர் மஞ்சள் கோடுகள் காய்ந்த வைக்கோல் துரும்புகள் சிதறிக் கிடப்பது போலவே இருக்கும். அறுவடை முடிந்த ஈர வயலின் தாளடியில் இது பதுங்கிக் கிடந்தால் கண்டுபிடிப்பது அரிது. காலடியில் வரும்வரை பொறுத்திருந்து, திடீரெனக் கரகரத்த ஒலியுடன் எழும்பி, வளைந்து வளைந்து பறந்து போகும்.

இதன் நீண்ட அலகின் நுனி மட்டும் சேற்றுக்குள்ளேயே திறந்து மூடக்கூடியது. அதனால் சேற்றில் உள்ள மண்புழுக்களையும் பூச்சிகளின் புழுக்களையும் தொட்டு உணர்ந்து எடுத்துவிடும். அலகு சேற்றில் இருக்கும்போதும் பின்பக்கம் வரும் ஆபத்தைக் காணும்படி, கண்கள் தலையின் பின்புறமாகத் தள்ளி அமைந்துள்ளன.

ஆண் பறவையே அடைகாக்கும் மயில் உள்ளான்

மயில் உள்ளான் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் பறவை. பொதுவாகப் பறவைகளில் ஆணே அழகு மிக்கது. மயில் உள்ளானில் இது தலைகீழ். பெண்ணே பெரியது, கழுத்தும் மார்பும் செம்பழுப்பு நிறத்தில் மிளிரும். ஆண் மங்கிய பழுப்பு நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. பெண் முட்டையிட்டதும் வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. தரையில் புல் மறைவில் உள்ள கூட்டில் பல நாட்கள் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டிய பறவைக்கு மங்கிய நிறமே பாதுகாப்பு. பெரும்பாலும் 4 முட்டைகள் இருக்கும். பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே கூட்டை விட்டு இறங்கித் தந்தையின் பின்னே நடக்கும்.

தப்ப வழியில்லை என்றால், இப்பறவை சிறகுகளை விரித்து, அவற்றில் உள்ள பெரிய வட்டப் புள்ளிகளைக் காட்டிச் சீறும். எதிரி திகைக்கும் நேரத்தில் தப்பிவிடும்.

மறைவின் இலக்கணம்

இந்த நான்கு பறவைகளையும் ஒப்பிட்டால் மூன்று செய்திகள் விளங்கும். முதலாவது, இடத்துக்கு ஏற்ற நிறம். இரண்டாவது, பறவை என்று அடையாளம் காட்டும் உடல் வரம்பை உடைத்துக் காட்டும் கோடுகளும் புள்ளிகளும். மூன்றாவது, அசையாமை. முதல் இரண்டும் இருந்தும் அசைந்துவிட்டால் பயன் இல்லை. ஆகவேதான் இவை கடைசி நொடி வரை அசைவதில்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வயலில் சத்தம் போட்டால் எல்லாப் பறவையும் ஓடிவிடும் என்று எண்ணுவது தவறு. அடைகாக்கும் பறவையும் குஞ்சும் சத்தத்துக்கு ஓடாது, மேலும் பதுங்கிக்கொள்ளும்.

இவற்றால் விவசாயிக்கு என்ன லாபம்?

இவை நெல்மணிக்காக வயலுக்கு வருபவை அல்ல. மடையானும் குருகும் வெட்டுக்கிளி, நீர்ப்பூச்சிகள், சிறு நண்டு, மீன், தவளை ஆகியவற்றை உண்ணும். நட்ட பயிரை அடியில் வெட்டியும், வரப்பில் வளை தோண்டி நீரை வடியவிட்டும் நண்டு செய்யும் சேதம் விவசாயிகள் அறிந்ததே.

தவளை விவசாயியின் நண்பன் ஆயிற்றே, அதையும் தின்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தவளையும், பூச்சியும், பறவையும் சேர்ந்து இருக்கும் வயலில் எந்த ஒன்றும் அளவுக்கு மீறிப் பெருகுவதில்லை. ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பது சரியாகாது.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் இந்தக் கணக்கை நெடுங்காலத்துக்கு முன்பே போட்டுவிட்டனர். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்று கண்டு, பறவைகளைச் சுடவிடாமல் காத்தனர். 1798ஆம் ஆண்டில் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு இதற்கான உரிமைப் பத்திரம் அளித்தார். அந்த ஏரி 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஏரி மட்டுமன்றி நெல் வயலும் பறவைகளுக்கு வாழிடமான ஈரநிலமே என்பதை, 2008ஆம் ஆண்டு தென் கொரியாவில் கூடிய ராம்சார் மாநாடு தீர்மானமாகவே ஏற்றுக்கொண்டது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. அறுவடை முறை: வயலின் நான்கு ஓரங்களையும் முதலில் அறுத்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தால், பறவைகளும் குஞ்சுகளும் நடுவில் ஒதுங்கிக் கடைசியில் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் தொடங்கி, வாய்க்கால் கரை அல்லது புதர் உள்ள பக்கம் நோக்கி அறுத்துச் சென்றால், அவை முன்னே நகர்ந்து தப்பிவிடும். இதற்குக் கூடுதல் செலவு இல்லை. இயந்திரம் ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

2. கூடு கண்டால்: களை எடுக்கும்போது தரைக்கூடு தென்பட்டால், சுற்றிலும் ஒரு முழம் பயிரை விட்டுவிட்டு வேலையைத் தொடரலாம். அடையாளக் குச்சியைக் கூட்டின் அருகிலேயே நடக்கூடாது. காகமும் நாயும் அதை வைத்துக் கூட்டைக் கண்டுகொள்ளும். சில அடி தள்ளி நட்டு, இடத்தை நினைவில் வைப்பதே நல்லது. முட்டையைத் தொட்டுப் பார்க்கவும், கூட்டருகே வெகுநேரம் நிற்கவும் கூடாது.

3. குஞ்சைத் தூக்கக் கூடாது: தனியே நிற்கும் குஞ்சு அனாதை அல்ல. தாயோ தந்தையோ அருகில் மறைந்திருக்கும். வழியில் இருந்தால் பக்கத்து வரப்புப் புல்லில் விட்டு விலகிவிட வேண்டும்.

4. மறைவிடம் சிறிது தேவை: எலி, பூச்சி ஆகியவற்றை முன்னிட்டு வயல் வரப்புகளைச் சுத்தமாக வைப்பது சரியே. அதே சமயம் வடிகால் மூலையிலோ குளத்தின் ஒரு கரையிலோ உள்ள கோரை, சம்புகளை மட்டுமாவது தீ வைக்காமல் விட்டுவைக்கலாம்.

5. மருந்தில் எச்சரிக்கை: நண்டு வளையில் நஞ்சு இடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். நஞ்சு உண்டு தள்ளாடும் நண்டும் தவளையும்தான் பறவைக்கு முதலில் அகப்படும். அதை உண்ணும் பறவையும் மடியும். இதற்கு முன்பு பலர் பயன்படுத்திய ஃபோரேட் குருணை மருந்து 2020 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு வீட்டில் கிடந்தால் அதை வயலில் இடக்கூடாது. கார்போஃபியூரானும் பறவைகளுக்குக் கொடிய நஞ்சாகும். மருந்து அடித்த வயலின் நீரை உடனே வாய்க்காலிலோ குளத்திலோ வடிக்காமல் தேக்கி வைப்பது, பறவைக்கு மட்டுமன்றி மீனுக்கும் மாட்டுக்கும் நல்லது.

6. மீன் வளர்ப்போருக்கு: குளத்தில் விட்ட மீன் குஞ்சுகளை மடையான் பிடிப்பது உண்மையே. இவை நீந்திப் பிடிப்பவை அல்ல. கால் எட்டும் ஆழத்தில் நின்று பிடிப்பவை. கரையைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்டி, ஓரத்திலேயே ஆழம் இருக்கும்படி செய்தால் நிற்க இடம் இராது. பறவையைக் கொல்லத் தேவையில்லை.

7. கண்ணியும் வலையும் கூடாது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளை வேட்டையாடுவதும், பிடிப்பதும், கூட்டையும் முட்டையையும் அழிப்பதும் குற்றம். தம் வயலில் பிறர் கண்ணி வைத்தாலும் தடுத்து, வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு நாள் காலை பார்க்கலாம்

தண்ணீர் பார்க்க வயலுக்குப் போகும் நேரத்தில், மடையை நெருங்கும் முன் சற்றே நின்று கவனித்தால் போதும். முழுப் பறவையைத் தேடக்கூடாது, கண் எட்டாது. கோரைக்கு நடுவே ஒரு மஞ்சள் கண், சேற்றுக்கு மேலே ஒரு நேரான அலகு, வைக்கோலில் மிக ஒழுங்காக ஓடும் ஒரு கோடு, இவற்றைத் தேட வேண்டும். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சுற்றிப் பறவை தானாகவே உருப்பெற்றுவிடும். பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டலாம். கண்ணில் பட்ட கூட்டை மிதிக்க எவருக்கும் மனம் வராது.