வரவும் செலவும்

வரவைவிடச் செலவு மிகலாகாது என்னும் கருத்தைத் திருவள்ளுவர், பொருள் ஈட்டலைக் கூறும் 76ஆம் அதிகாரத்தில் அன்றி, வலியறிதல் என்னும் 48ஆம் அதிகாரத்திலேயே வைத்தார். அரசனுக்குக் கூறிய அவ்வறிவுரை இல்லத்திற்கும் பொருந்துவதே.

புலம்பெயர்ந்த நாம் இடறுவது பெரும்பாலும் அன்றாடச் செலவில் அன்று. எப்போதோ வரும் செலவுகளில்தான்: வாகனக் காப்புறுதி, பாடசாலைச் சுற்றுலா, ஊரிலிருந்து வரும் அவசரத் தொலைபேசி அழைப்பு. இவற்றிற்கு ஆண்டில் 1200 பவுண் தேவையெனில் மாதந்தோறும் 100 பவுண் ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்காது, 20 விழுக்காட்டு வட்டியில் கடனட்டையில் ஏற்றி ஓராண்டு விட்டால், வட்டி மட்டுமே 240 பவுணுக்குக் குறையாது. சீட்டை நம்பியிருப்போரும் நம்முள் உளர். எடுத்த பின்னரும் தவணை கட்டவேண்டும் என்பதைக் கணக்கில் எழுதுவோரோ சிலரே!

மாணவச் செல்வங்களே, இக்கணக்கைப் பெற்றோருடன் அமர்ந்து தமிழிலேயே எழுதுங்கள். கேட்ட காலணி இம்மாதம் ஏன் வரவில்லை என்பதும் அதில் தெரியும்.