சர்வருக்குள் எந்த வழியாக நுழைவது?

கேள்வி: ஓக்லாவில் மருந்து விநியோகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். என்னோடு உதவிக்கு ஒரு பையன். ஓக்லாவில் ஐந்து லினக்ஸ் சர்வர்கள், இரண்டு விண்டோஸ் சர்வர்கள். நொய்டா, ஃபரீதாபாத், மானேசர் கிடங்குகளில் சுவிட்சுகள், ரவுட்டர்கள். சுவிட்சுகளுக்கு டெல்நெட்டில் போகிறோம். விண்டோஸ் சர்வருக்கு வீட்டிலிருந்தே நுழைய, ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறோம். கிடங்குக் கணினிகளுக்கு எனிடெஸ்க் இலவசப் பதிப்பு. பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கின்றன. "எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சாஃப்ட்வேராகச் சொல்லுங்கள், வாங்கித் தருகிறேன்" என்கிறார் முதலாளி. ஐயா, எதை வாங்கச் சொல்லலாம்?

— ஒரு வாசகர், ஜனக்புரி, புதுடெல்லி

பதில்: வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். இன்று மாலையே செய்ய வேண்டியது, அந்த 3389 போர்ட்டை மூடுவது. சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாமல் போகும், போகட்டும். இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் (ஆர்டிபி) போர்ட்டை இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கும் நிரல்கள் உண்டு. 2019 மே மாதம் வெளிப்பட்ட 'புளூகீப்' ஓட்டைக்குப் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

உங்கள் ஊரிலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. புறநோயாளி பதிவு, பரிசோதனை அறிக்கை, பில் எல்லாம் கையால் எழுதும் நிலை. சீராக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயிற்று. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. காரணமாக அது குறிப்பிட்டது, நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரிக்காததை. பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிட்டல் தரவு மீண்டது. நிர்வாகிகள் எந்த மென்பொருளால் இணைந்தார்கள் என்பது அந்தப் பதிலில் பேசப்படவே இல்லை. ஓரிடத்தில் நுழைந்தவர் எங்கெல்லாம் போக முடிந்தது என்பதுதான் அங்கே விஷயம். உங்களுக்கும் அதேதான். கிடங்கில் பில் போடும் கணினியிலிருந்து உங்கள் சுவிட்சின் லாகின் திரை தெரிகிறதா? தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கினாலும் பயனில்லை.

ஆகவே முதலில் வழியை அமையுங்கள். ஓக்லாவில் நிலையான பப்ளிக் ஐபி ஒன்று வாங்கி, ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியில் வயர்கார்டு விபிஎன் போடுங்கள். இலவச மென்பொருள்தான். கிடங்குகளின் பிராட்பேண்டுக்குத் தனி ஐபி கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. அங்குள்ள ரவுட்டரே ஓக்லாவைக் கூப்பிட்டு இணைந்துகொள்ளும். பிறகு சர்வர்கள், சுவிட்சுகளின் நிர்வாக முகவரிகளைத் தனி விலேனில் ஒதுக்கி, அதற்குள் போக ஒரே ஒரு ஜம்ப் சர்வரை மட்டும் அனுமதியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2016 முதலே 'பிராக்ஸிஜம்ப்' வசதி இருப்பதால், இடையில் ஒரு சர்வர் நிற்பது வேலையின்போது தெரியக்கூடத் தெரியாது.

டெல்நெட்டை ஏன் விட வேண்டும் என்று உதவிக்கு இருக்கும் பையன் கேட்பார். அவர் எதிரிலேயே வயர்ஷார்க்கை ஓடவிட்டு ஒரு சுவிட்சில் லாகின் செய்து காட்டுங்கள். பிடிபட்ட உரையாடலைத் திறந்தால் பயனர் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாக நிற்கும். நீங்கள் அனுப்பியது ஒன்று, சுவிட்ச் திருப்பி அனுப்பியது ஒன்று. அதற்கடுத்து எழுத்துகள் ஒற்றையாக வரும் இடம்தான் பாஸ்வேர்டு. அப்படியே வாசிக்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்ட சம்பவத்துக்குப் பிறகுதான் 1995இல் டாட்டு இலோனன், எல்லாவற்றையும் குறியாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். அத்தனை ஆண்டுகள் கழித்தும் டெல்நெட்டில் தொடர நியாயமே இல்லை.

சுவிட்சில் எஸ்எஸ்எச்சை இயக்கியதும் சில பழைய பெட்டிகள் முரண்டு பிடிக்கும். புதிய ஓப்பன்எஸ்எஸ்எச், பலவீனமான பழைய குறியாக்க முறைகளை ஏற்காமல் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்தப் பழைய முறையை எல்லாவற்றுக்குமாகத் திறந்துவிடாதீர்கள். கன்ஃபிக் கோப்பில் அந்த ஒரு சுவிட்சின் முகவரிக்கு மட்டும் அனுமதி எழுதுங்கள். அடுத்த பட்ஜெட்டில் அந்தப் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒன்று என்ற முதலாளியின் ஆசையை எம்ரிமோட்என்ஜி பெருமளவு நிறைவேற்றும். எஸ்எஸ்எச், ஆர்டிபி, விஎன்சி எல்லாம் ஒரே சன்னலில் தாவல்களாகத் திறக்கும், காசும் கிடையாது. ஆனால் அது சேமிக்கும் பாஸ்வேர்டு கோப்பு, நீங்களாக ஒரு முதன்மைப் பாஸ்வேர்டு வைக்காதவரை, ஊரறிந்த ஒரு சாவியால்தான் பூட்டப்பட்டிருக்கும். நிறுவியதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அதைவிட நல்லது, பாஸ்வேர்டுகளை அதில் வைக்காமல் கீபாஸ் போன்ற பெட்டகத்தில் வைப்பது. எக்செல் ஷீட்டை அன்றோடு அழித்துவிடுங்கள். அதிலிருந்த பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

எஸ்எஸ்எச்சுக்கு மட்டும் என்றால் புட்டி நல்ல கருவி. 0.81க்கு முந்தைய பதிப்பு இருந்தால் உடனே புதுப்பியுங்கள். 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில், 521 பிட் இசிடிஎஸ்ஏ சாவியின் சுமார் 60 கையொப்பங்கள் கிடைத்தாலே ரகசியச் சாவியைக் கணக்கிட்டுவிட முடியும் என்று 2024 ஏப்ரலில் தெரியவந்தது. அந்த வகைச் சாவி வைத்திருந்தால் பதிப்பை மட்டும் மாற்றினால் போதாது, சாவியையும் தூக்கி எறிய வேண்டும். தேடுபொறி விளம்பரத்தைச் சொடுக்கிப் புட்டியை இறக்காதீர்கள். போலிகள் அந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன.

எனிடெஸ்க், டீம்வியூவர் வகையைக் கிடங்கு ஊழியரின் பிரின்டர் பிரச்சினையைத் தீர்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் உரிமம் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கானது. சர்வரில் வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் தன் சொந்த அமைப்புகளுக்குள்ளேயே ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் அறிவித்து, சான்றிதழ்களை மாற்றியது. உங்கள் சர்வரின் கதவு இன்னொருவர் வீட்டு வழியாகத் திறக்கக் கூடாது.

முதலாளி பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால், ஜம்ப் சர்வருக்கு நல்ல கணினியும் யுபிஎஸ்ஸும் வாங்கித் தரட்டும். அதில் அப்பாச்சி குவாக்கமோலியை நிறுவி, பதிவு வசதியையும் இயக்கினால், பிரவுசரிலிருந்தே ஆர்டிபியும் எஸ்எஸ்எச்சும் கிடைக்கும்; யார் எப்போது நுழைந்து என்ன செய்தார் என்பதும் பதிவாகும். அந்தப் பதிவு சட்டப்படியும் தேவை. 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் உத்தரவின்படி லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் முதல் இயக்குநராக இருந்த ஆய்வகம் அது. உங்கள் ஜனக்புரியிலிருந்து அதிக தூரமில்லாத பூசாவில் இருக்கிறது. நேரத்தைச் சரிசெய்ய ஒரு வரி கன்ஃபிக் போதும். நான்கு இடத்து லாகுகளை ஒப்பிடும் நாள் வந்தால், அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

கேள்வி: தொலைவிலிருந்து ரவுட்டரில் ஒரு அக்சஸ் லிஸ்ட்டை மாற்றினேன். அந்த நொடியே என் இணைப்பு போய்விட்டது. அதைச் சரிசெய்யவே காரில் குருகிராம் போக வேண்டியதாயிற்று. இதற்கு வழி உண்டா சார்?

— ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்: உண்டு அம்மா. சிஸ்கோவாக இருந்தால் மாற்றுவதற்கு முன் 'ரீலோட் இன் 10' என்று கொடுங்கள். கன்ஃபிக்கைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இணைப்பு போனால் பத்து நிமிடத்தில் ரவுட்டர் பழைய கன்ஃபிக்கோடு எழுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் முதலில் 'ரீலோட் கேன்சல்', அதற்குப் பிறகுதான் சேமிப்பு. சரிபார்க்கும் முன்பே சேமித்துவிட்டால் பயனில்லை. ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு', மைக்ரோடிக்கில் 'சேஃப் மோட்' இதே வேலையைச் செய்யும், ரீஸ்டார்ட்கூட ஆகாது.

இன்னொன்று. நேரு பிளேஸில் யுஎஸ்பி கன்சோல் கேபிள் ஒன்று வாங்கி, அந்த அலுவலகத்தின் ரேக்கிலேயே ஒரு பழைய லேப்டாப்போடு சேர்த்து மாட்டி வையுங்கள். வேகம் 9600 என்று லேப்டாப் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். அங்கிருக்கும் யாரையாவது போனில் கூப்பிட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அந்த லேப்டாப்பை இணைக்கச் சொன்னால், மயூர் விஹாரில் உட்கார்ந்தபடியே எனிடெஸ்க் போன்ற ஒன்றின் வழியாக அந்த லேப்டாப்பில் நுழைந்து கன்சோலுக்குள் போய்விடலாம்.