உதவி பெறும் பள்ளி யாருடைய பள்ளி?



சென்ற ஜூன் மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஒரு அக்கா உள்கடன் 5,000 ரூபாய் கேட்டார். எதற்கு என்றால், "பொண்ண ஆறாங்கிளாஸ் சேக்கணும். நன்கொடை கேக்கறாங்க. பிரைவேட்டுன்னா அப்படித்தானே?" என்றார். விசாரித்தால் அது அரசு உதவி பெறும் பள்ளி! இந்தக் குழப்பம் நம்மில் பலருக்கும் உண்டு. எனவே இந்த மாதப் பாடம் இதுதான்.

நடத்துவது யார்? பணம் யாருடையது?

உதவி பெறும் பள்ளியை நடத்துவது ஒரு அறக்கட்டளை, சபை அல்லது சங்கம். நிர்வாகம் அவர்களுடையது. ஆனால் அரசு அனுமதித்த பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. சத்துணவும் அரசு கொடுப்பதுதான். நாம் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது. காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் வந்தது.

சேர்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதை 2009 கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. வாங்கினால் பத்து மடங்கு வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்ப்பதும் தவறு.

2. ஒரே வளாகத்தில் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. "எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

3. அரசுப் பள்ளிக்கு உள்ள எல்லாச் சலுகையும் இங்கு இல்லை. 2020இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. புதுமைப்பெண் திட்டம் 2024 டிசம்பரில்தான் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்பது அதனால் முக்கியம்.

4. பள்ளி மேலாண்மைக் குழு இங்கும் உண்டு. ஆனால் அது ஆலோசனைதான் சொல்ல முடியும். நிர்வாகம் காது கொடுக்காவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதலாம்.

அந்த அக்கா மறுநாள் இரண்டு உறுப்பினர்களோடு பள்ளிக்குப் போனார். "ரசீது தருவீங்களா?" என்று மட்டும்தான் கேட்டார். பிறகு நன்கொடைப் பேச்சே வரவில்லை. பொண்ணு சேர்ந்துவிட்டாள். கடனும் தேவைப்படவில்லை.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் ஊரில் உதவி பெறும் பள்ளி எது? ரசீது இல்லாமல் பணம் கொடுத்தவர்கள் நம் குழுவில் உண்டா?